மூன்றாம் பார்வையாளர்

ஜனவரி 6, திங்கள்

ஓய்வு பெற்று ஏழு மாதமாகிறது. நில அளவைத் துறையில் இருந்தவரை மாதாமாதம் நாட்குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். எந்த ஊருக்குப் போனேன், எத்தனை புலம் அளந்தேன், எந்த எல்லைக் கல்லைக் காணோம் என்று எழுத வேண்டும். முப்பத்து நாலு வருஷம் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இனி படிக்க மேலதிகாரி இல்லை. அதனால் என்ன, எழுதுகிறேன்.

காலை உழவர் சந்தை. முருங்கைக்காய், சேனைக்கிழங்கு. வாஷிங் மெஷின் குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றினேன். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்தேன். மங்கை நாலரைக்குக் கல்லூரியிலிருந்து வந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

மங்கை என்றால் மங்கையர்க்கரசி, என் மனைவி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. அதோடு ஐந்து நாட்டு ஆட்கள் சேர்ந்த ஒரு வானியல் குழுவில் ஆறு வருஷமாக இருக்கிறாள். குழுவில் பதினொரு பேர். மற்ற பத்துப் பேரும் பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள். இவள் மட்டும் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு வந்து அந்த வேலையைச் செய்கிறவள்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "காலையில பத்து மணிக்கு மேல உங்களுக்கு என்ன வேலை?"

"பேப்பர் படிப்பேன்."

"ஒரு நாளைக்கு அறுபது படம் பாக்க முடியுமா?"

"என்ன படம்?"

"கேலக்ஸி."

குழுவில் படங்களை மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து வகை பிரிக்க வேண்டுமாம். மூன்றாவது ஆளுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"ஒண்ணும் தெரியாம இருக்கிறதுதான் வேணும். ஆனா கண்ணு இருக்கணும். உங்களுக்குக் கண்ணு இருக்கு."

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என் கண்ணைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. வேலையை ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 8, புதன்

பயிற்சி. நூறு படங்களைக் காட்டிப் பழக்கினாள். ஒரு கேலக்ஸி என்பது பல ஆயிரம் கோடி நட்சத்திரம் சேர்ந்த ஒரு திரள். நம் சூரியனும் அப்படி ஒன்றுக்குள்தான் இருக்கிறது. விண்வெளியில் நிற்கும் தொலைநோக்கி எடுத்த படங்கள் இவை. இவற்றின் வெளிச்சம் ஆயிரத்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியதாம். அன்று எப்படி இருந்ததோ அப்படித்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

நாலு பெட்டி. தனி. பக்கத்தில் இன்னொன்று இருந்தாலும் தொடர்பில்லை. மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கிறது. சொல்ல முடியாது. மோதுகிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நீண்ட வால் இருக்கும், இரண்டுக்கும் நடுவே பாலம் மாதிரி வெளிச்சம் இருக்கும், ஒரே உடம்புக்குள் இரண்டு பிரகாசமான மையம் இருக்கும்.

"மொத்தம் ஆயிரத்து நூத்தி நாப்பது. கலைச்சுப் போட்டிருக்கு, நம்பர் மட்டும்தான் இருக்கும். எது எங்க எடுத்ததுனு எனக்கே தெரியாது. எதைத் தேடுதோம்னும் நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சா கண்ணு அதையே பாக்கும். மத்த ரெண்டு பேருக்கும் தெரியும், மூணாவது ஆளாவது தெரியாம பாக்கணும்."

சரி என்றேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய பேப்பர் போட்டேன். 61 படம்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று படம் 417. ஒரே ஒரு உருண்டை, சாதுவாக இருக்கிறது. தனி என்று போடக் கை போய்விட்டது. அப்போது வலது ஓரத்தில் ஒரு வளைவு கண்ணில் பட்டது. இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத அளவு மங்கல்.

எனக்கு இது பழக்கமான சங்கதி. பழைய புலப்படத்தில், அதாவது நில வரைபடத்தில், இரண்டு துண்டு நிலத்தை ஒன்றாக்கினால் நடுக்கோட்டை அழித்துவிடுவார்கள். பார்த்தால் வெறும் காகிதம். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் தெரியும். அந்தத் தடத்தை வைத்து மூன்று வழக்கில் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

மோதல் என்று போட்டுக் குறிப்பும் எழுதினேன். மங்கை வந்ததும் சொல்ல வாயெடுத்தேன். "சொல்லாதீங்க!" என்று கையை நீட்டிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்க வேண்டுமாம். அதுவரை நெஞ்சுக்குள் வைத்திருக்க வேண்டும். மனிதன் செய்கிற காரியமா இது?

ஜனவரி 29, புதன்

எங்கள் மகள் உமையாள் புனேயிலிருந்து பேசினாள். "அப்பா, நீங்களும் விஞ்ஞானி ஆயிட்டீங்களாமே!" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா அன்னைக்கே ஜெர்மனி போயிருந்தா இப்ப அவங்களே ஒரு குழு நடத்திட்டு இருப்பாங்க."

இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவைக்கிறேன். 2003-இல் மங்கைக்கு ஜெர்மனியில் இரண்டு வருஷ ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அப்போதுதான் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். உமையாளுக்கு நாலு வயது. போகட்டுமா என்று என்னிடம் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். வேண்டாம் என்று அவளே எழுதிப் போட்டுவிட்டாள். நான் ஒன்றும் தடுக்கவில்லை.

சொதி கொஞ்சம் திரிந்துவிட்டது. தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு கொதிக்க விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

1140 முடிந்தது.

பிப்ரவரி 5, புதன்

மூன்று பேருடைய பட்டியலையும் மங்கை ஒன்றாகத் திறந்தாள். முதல் பார்வையாளர் அவள். இரண்டாவது சிலி நாட்டில் ஒரு ஆராய்ச்சி மாணவி. மூன்றாவது நான். பத்தில் எட்டு படத்துக்கு மூவரும் ஒரே பதில்.

417-க்கு மற்ற இருவரும் தனி என்று போட்டிருந்தார்கள். மங்கை என் குறிப்பைப் படித்தாள். "அழித்த கோட்டின் தடம் மாதிரி, வலது ஓரம்." நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். வெளிச்ச அளவை எதையோ மாற்றினாள். உருண்டையைச் சுற்றி ஒன்று, அதற்கு வெளியே ஒன்று, அதற்கும் வெளியே ஒன்று என்று மூன்று வளையம் எழுந்து வந்தது.

திரையில் விரலை வைத்து வளையங்களை எண்ணினாள்.

"இது ரெண்டு கேலக்ஸி சேந்து முடிஞ்ச பிறகு மிச்சம் நிக்கிற வளையம்" என்றாள். "நான் பாக்கல. அந்தப் பிள்ளையும் பாக்கல. நீங்க பாத்திருக்கீங்க."

எழுந்து போய் காப்பி போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். வழக்கமாக நான்தான் போடுவேன்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று சாயங்காலம் ஆறரைக்குக் கணினியில் குழுக் கூட்டம். அப்போது சிலியில் காலை பத்து மணி. கலைத்துப் போட்ட எண்களுக்கு எது எங்கே எடுத்த படம் என்ற பட்டியலைக் குழுத் தலைவி லூசியா திறந்து காட்டினார். மொத்தப் படத்தில் முந்நூறு, அந்த ஆதிகாலத்தில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த ஒரு பெரிய கேலக்ஸிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மீதி எண்ணூற்று நாற்பதும் அதே காலத்தவை, ஆனால் கூட்டத்தில் சேராமல் வெளியே சிதறிக் கிடந்தவை.

வெளியே இருப்பதில் நூற்றுக்குப் பதினொன்றுதான் மோதுகிறது. கூட்டத்துக்குள் நூற்றுக்கு முப்பத்து நாலு.

நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மங்கை ஓடி வந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

"மூணு மடங்கு! மூணு மடங்குங்க!"

முப்பத்து நாலு வருஷம் எத்தனையோ பெரிய அதிகாரிகள் எதிரில் கைகட்டி நின்றிருக்கிறேன். இவள் எதிரில் கத்தியும் கையுமாக நின்றபோது வந்த மரியாதை எவர் முன்னும் வந்ததில்லை.

பிப்ரவரி 12, புதன்

குழுவில் ஹென்ரிக் என்று ஒருவர். டென்மார்க்காரர். கண்டிப்பானவர் என்று மங்கை அடிக்கடி சொல்வாள். இரண்டு கேள்வி எழுப்பியிருக்கிறார்.

ஒன்று: படத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிற இரண்டும் உண்மையில் பக்கத்தில்தான் இருக்கிறதா? ஒன்று முன்னால், ஒன்று நூறு கோடி ஒளியாண்டு பின்னால் இருந்து, நம் பார்வைக்கு ஒட்டினாற்போல் தெரியலாமே. தூரத்தை அளந்தால்தான் சொல்ல முடியும். அதற்குத் தரையில் நிற்கும் வேறொரு தொலைநோக்கியில் நேரம் வாங்கியிருக்கிறார்கள். மார்ச்சில் தெரியும்.

இரண்டு: மூன்றாம் பார்வையாளர் யார்?

மங்கை மறைக்கவில்லை. என் கணவர் என்றாளாம். அதற்கு அவர், "தன் மனைவி எதை எதிர்பார்க்கிறாள் என்று ஒரு கணவருக்கு உண்மையிலேயே தெரியாதா?" என்று கேட்டாராம்.

"தெரியாதுனு சொன்னேன்" என்றாள் மங்கை. "நான் ஒரு வார்த்தை சொல்லலையே. நீங்களும் கேக்கலையே."

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவள் குழுக் கூட்டத்தில் பேசுவது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கிறது. இங்கிலீஷில் பேசினாலும் புரியாமல் போகுமா? நம் அருகில் இருக்கிற பெரிய கூட்டங்களில் கேலக்ஸிகள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஒன்றை ஒன்று தாண்டிப் போய்விடும், சேராது. ஆனாலும் அந்தக் கூட்டங்களின் நடுவில் பெரிய பெரிய கேலக்ஸிகள், வயசாகி, புது நட்சத்திரம் பிறக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. அவை அவ்வளவு பெரிதானது எப்போது? கூட்டம் கூடிக்கொண்டிருந்த ஆதிகாலத்தில், வேகம் குறைவாக இருந்தபோதே மோதிச் சேர்ந்திருக்க வேண்டும். இதுதான் மங்கையின் கணிப்பு. நிறைய மோதல் தென்பட வேண்டும் என்று அவள் ஆசைப்படுவது எனக்கு முதல் படத்திலேயே தெரியும்.

எது கூட்டத்துப் படம், எது வெளிப்படம் என்று தெரியாதுதான். ஆனால் ஒன்றும் தெரியாதவன் என்று அவள் சொன்னது பொய்யாகிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. நான் சொல்ல வைத்திருக்கிறேன்.

நாலரைக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

நின்றபடியே கேட்டாள்.

"ஜனவரியிலயே ஏன் சொல்லல?"

"சொன்னா இந்த வேலையத் தர மாட்டேனு நெனச்சேன்."

"தந்திருக்க மாட்டேன்."

"என் பட்டியலைத் தூக்கிப் போட்டுடு. என் பேரே வேண்டாம்."

"உங்க பேரா இப்ப பிரச்சினை? நான் நேத்து பத்துப் பேர் முன்னால தெரியாதுனு சொல்லியிருக்கேன். அதை இன்னைக்கு நானே போய் மாத்திச் சொல்லணும்."

உள்ளே போய் கடிதம் எழுதினாள். எனக்குக் காட்டவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அவளே தோசை வார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கும் நாலு வைத்திருந்தாள்.

பிப்ரவரி 17, திங்கள்

லூசியா சுலபமான வழி ஒன்று சொல்லியிருக்கிறார். மூன்றாம் பட்டியலை நீக்கிவிட்டு இரண்டு பேரை வைத்தே எழுதலாமாம். மங்கை ஒப்பவில்லை. பிடிக்காத சாட்சியைக் கழற்றிவிட்டால், 417 போல அந்தச் சாட்சி மட்டும் கண்டதெல்லாம் போய்விடும். நியாயமில்லாமல் வைத்துக்கொள்வதும் தப்பு, சோதிக்காமல் தூக்கிப் போடுவதும் தப்பு என்று வாதாடியிருக்கிறாள்.

கடைசியில் ஹென்ரிக்கே ஒரு வழி சொன்னாராம். கணினியில் உருவாக்கிய பொய்ப் படங்கள் இருநூறு. எதில் மோதல் இருக்கிறது, எதில் இல்லை என்று உருவாக்கியவருக்கு மட்டும் தெரியும். அதை மூன்று பேரும் பார்க்க வேண்டும். ஹென்ரிக்கும் பார்ப்பார்.

"தோத்தா?" என்றேன்.

"தோத்தா உங்க பட்டியல் போகும். அதோட என் முடிவும் பாதி போகும். ஒழுங்கா பாருங்க."

நாலு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

பிப்ரவரி 22, சனி

200 முடிந்தது. மூக்குக் கண்ணாடியைப் பத்துத் தரம் துடைத்திருப்பேன். பரீட்சை எழுதி எத்தனை வருஷம்!

பிப்ரவரி 27, வியாழன்

மங்கை 170. நான் 163. சிலி மாணவி 161. ஹென்ரிக் 144. தன் மதிப்பெண்ணை அவரே முதலில் வாசித்தாராம். மனுஷன் நேர்மையானவர்.

அதைவிட முக்கியம், நான் செய்த முப்பத்தேழு தப்பையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இருபத்தொன்பது தப்பு ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. மோதலைப் பார்த்துவிட்டுத் தனி என்று போட்டிருக்கிறேன். மனைவிக்காகச் சாய்ந்திருந்தால் தனியாக இருப்பதையல்லவா மோதல் என்று போட்டிருப்பேன்? ஆக, நான் இருப்பதால் அவளுடைய எண்ணிக்கை குறைந்திருக்குமே தவிர கூடியிருக்காது. இதைக் கட்டுரையில் அப்படியே எழுதப் போகிறார்கள். மூன்றாம் பார்வையாளர் முதல் பார்வையாளரின் கணவர், ஆய்வின் நோக்கத்தை அறிந்திருந்தார் என்பதையும் சேர்த்து.

"ஏன் சந்தேகம் வந்தா தனின்னே போட்டீங்க?" என்று மங்கை கேட்டாள்.

"ஆபீஸ் பழக்கம். எல்லைக் கல் கெடைக்காம கோடு போட மாட்டோம்."

அதுதான் காரணம்.

மார்ச் 2, ஞாயிறு

உமையாள் இரண்டு நாள் லீவில் வந்தாள். கூட்டாஞ்சோறு செய்தேன். சாப்பிட்டுவிட்டு மங்கை கண் அயர்ந்த நேரத்தில், உமையாள் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

அந்த இருபத்தொன்பது தப்பைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்பா, அம்மா ஜெயிச்சிட்டா என்ன ஆகும்னு உங்களுக்குப் பயம் இருந்துச்சா?"

"என்ன பயம்?"

"தெரியல. சும்மா கேட்டேன்." கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு நாலு வயசுல நீங்க ரொம்ப நாள் வீட்டுக்கு வராம இருந்தீங்க. அம்மா தெனமும் வாசல்ல நிப்பாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

முகாம் போயிருந்தேன், வள்ளியூர் பக்கம், பதினொரு நாள் என்றேன். நாலு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாமா ஞாபகம் இருக்கும்?

மார்ச் 3, திங்கள்

உமையாளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். வரும்போது மோட்டாருக்குக் கிரீஸ்.

மார்ச் 11, செவ்வாய்

மங்கைக்குக் கல்லூரியில் மாதிரித் தேர்வு விடைத்தாள் நூற்றிருபது. அதைத் திருத்திக்கொண்டே கட்டுரையும் எழுதுகிறாள். என்னால் முடிந்தது, வீட்டில் ஒரு பொருள்கூட அவள் தேடும்படி வைக்கவில்லை.

மார்ச் 19, புதன்

தூரம் அளந்த முடிவு வந்துவிட்டது.

கூட்டத்துக்குள் ஒட்டினாற்போல் தெரிந்த ஜோடிகள் நாற்பத்தாறு. அதில் நிஜ ஜோடி முப்பதுக்குக் கீழே போனால் கட்டுரையே எழுதக் கூடாது என்பது ஹென்ரிக் வைத்த நிபந்தனை. மங்கையும் ஒப்புக்கொண்டிருந்தாள். மேகம் மறைத்ததால் ஐந்தை அளக்க முடியவில்லை. மீதி நாற்பத்தொன்றில் முப்பத்தைந்து ஜோடி நிஜமாகவே பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் ஒன்றை ஒன்று நெருங்கும் வேகம் குறைவு. தாண்டிப் போக முடியாது, சேர்ந்தே ஆக வேண்டும்.

ஆயிரத்து ஐம்பது கோடி வருஷத்துக்கு முன் நடந்ததைப் பாளையங்கோட்டையில் விடைத்தாள் கட்டுக்கு நடுவே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். கணிப்பு அவளுடையது. கட்டுரையில் முதல் பெயரும் அவளுடையது.

ஹென்ரிக் ஒரே வரியில் எழுதியிருந்தார்: "என் ஆட்சேபணைகளைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றாம் பார்வையாளருக்கு என் வணக்கம்."

அதை மங்கை படித்துக் காட்டினாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். தோளில் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது. வைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

சாயங்காலம் இருவரும் வ.உ.சி. மைதானத்தில் நடந்தோம். மூன்றாவது சுற்றில் சொன்னேன்.

"மங்கை, அன்னைக்கு வள்ளியூர்ல முகாம் எதுவும் இல்ல. நானா லீவு கேட்டு வாங்கிட்டுப் போனேன்."

அவள் நடையை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"நீங்க போன மறுநாளே உங்க ஆபீஸ் சுடலைமுத்து அண்ணன் சம்பளப் பட்டியல்ல உங்க கையெழுத்து வாங்க வந்தாரு. முகாமா, எந்த முகாம்னு கேட்டாரு."

"இவ்வளவு நாள் ஏன் கேக்கல?"

"நீங்க எப்ப சொல்லுவீங்கனு பாத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஆகும்னு நெனைக்கல."

அன்று நடந்தது இதுதான். உன் இஷ்டம் என்று வாயால் சொல்லிவிட்டுப் பதினொரு நாள் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தேன். வள்ளியூரில் ஒரு லாட்ஜில் படுத்துக்கொண்டு அளந்த புலத்தையே திரும்ப அளந்தேன். பன்னிரண்டாம் நாள் வந்தபோது, வேண்டாமென்று எழுதிவிட்டேன் என்றாள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதை இதுவரை எங்கும் எழுதினதில்லை.

கொஞ்ச தூரம் போய் அவளே சொன்னாள். "எனக்கும் பயம் இருந்துச்சு. பாஷை தெரியாது, பிள்ளை சின்னது. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனது எனக்கும் ஒரு சாக்கா ஆயிட்டு. அதுக்காக நீங்க செஞ்சது சரியாயிராது."

"ஆகாது."

"அந்த இருபத்தொன்பது தப்பும் ஆபீஸ் பழக்கம்தானா?"

"தெரியல" என்றேன். அதுதான் உண்மை. எனக்கே தெரியவில்லை.

இன்னும் இரண்டு சுற்று நடந்தோம்.

ஏப்ரல் 9, புதன்

பெங்களூரில் மாநாடு. மங்கை கூப்பிட்டாள், போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இருநூறு பேர் இருக்கும். மங்கை மேடையேறினாள். நீலப் பட்டு, என் தேர்வு. ஆரம்பத்தில் காகிதத்தைப் பார்த்து வாசித்தாள். முதல் படம் திரையில் வந்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். வகுப்பில் பேசுவது போலவே பேசினாள். எப்போது வேகம் குறைவாக இருந்தது, எப்படிச் சின்னக் குழுக்களாக வந்து விழுந்தன, எந்த இடத்தில் அதிகம் மோதின, சேர்ந்து முடிந்தவை எப்படி மெல்ல அடங்கிப் பெரிய உருண்டையாயின. 417 திரையில் வந்தபோது வளையங்களைக் காட்டி, "இதைக் கண்டவர் ஒரு நில அளவையாளர்" என்றாள். யார் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

கேள்வி நேரத்தில் வெள்ளை முடிக்காரர் ஒருவர் எழுந்து, "இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். மங்கை சிரித்துக்கொண்டே, "பாளையங்கோட்டையில்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. அந்தக் கேள்வி என்னைக் கேட்டது போல் இருந்தது. பிறகு எல்லோரும் நிறுத்தியதும் தட்டினேன். நான் ஒருத்தன் மட்டும் தட்டுகிற சத்தம் கேட்டு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

புளிமிளகாய் வதக்கிக்கொண்டிருந்தேன். மங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஜூலைல சிலி போறேன். அஞ்சு மாசம். இதே மாதிரி இன்னும் ஆறு கேலக்ஸிக் கூட்டத்தைப் பாக்கப் போறாங்க. நான்தான் நடத்தணும்னு லூசியா கேட்டாங்க. காலேஜ்ல லீவு குடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"எப்ப அனுப்புன?"

"வெள்ளிக்கெழமை."

"எங்கிட்ட கேக்கலையே."

"கேக்கல."

அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தாள். அடுப்பில் மிளகாய் கருகுகிற வாடை வந்தது. அணைத்தேன்.

"பாஸ்போர்ட் எது வரைக்கும் இருக்கு?"

"செப்டம்பர்."

"அப்ப முதல்ல அதைப் புதுப்பிக்கணும். நாளைக்கே விண்ணப்பம் போட்டுருவோம்."

"போட்டுருவோம்" என்றாள். உள்ளே போனவள் திரும்பி வந்து, "கருகுனது பரவால்ல, அதுலயே புளியை ஊத்துங்க" என்றாள்.

வலித்தது. இதை எழுதாமல் விட்டால் மேலதிகாரிக்கு எழுதிய பழைய நாட்குறிப்பு மாதிரி ஆகிவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறாள். பயந்துகொண்டு இருந்திருப்பாளோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவள் முகத்தில் பயம் இல்லை. நான் சரி சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவள் போவாள். அதைப் பார்த்த பிறகுதான் வலியோடு இன்னொன்றும் வந்தது. அதற்குப் பெயர் பெருமைதான், வேறு வார்த்தை தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

பாஸ்போர்ட் அலுவலகத்தில் நல்ல கூட்டம். மங்கை உள்ளே போயிருந்தாள். துணைக்கு வந்தவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். பக்கத்து வரிசையில் நின்ற தென்காசிக்காரர் மகனைப் பார்க்கத் துபாய் போகிறாராம்.

"வீட்டம்மா எந்த ஊருக்குப் போறாங்க?" என்று கேட்டார்.

"சிலி."

"யாரு இருக்கா அங்க? மகனா, மகளா?"

"யாரும் இல்ல. அவங்களுக்கு அங்க வேலை இருக்கு. கேலக்ஸி ஆராய்ச்சி. பத்துப் பேரு இவங்களுக்குக் கீழ வேலை பாக்கப் போறாங்க."

"அப்படியா! நீங்களும் கூடப் போறீங்களா?"

"இல்ல. அவங்க மட்டும்தான் போறாங்க" என்றேன்.

வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.